வணங்காக் கழுத்தும் நீர்க்காலும்

செந்தூலிலிருந்து ஒரு சகோதரி கேட்ட கேள்விக்கு இந்தப் பதில். கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 72. செந்தூல் இரயில்வே பட்டறையில் கணக்குப் பிரிவில் 31 ஆண்டு வேலை பார்த்தவர். சபையிலும் அவர்தான் பொருளாளராக இருந்தார். 12 ஆண்டுகளுக்கு முன் ஒரு செயற்குழுக் கூட்டத்தில் கட்டட நிதியைப் பற்றி யாரோ குத்தலாக ஒரு வார்த்தை சொல்ல, கணக்குப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு ஆலய வளாகத்துக்குள் கால் வைக்கவே இல்லை. மனைவியை அடக்கம் செய்த நாளில்கூட உள்ளே வராமல், ஆராதனை முடியும்வரை கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். மகள் இந்தப் பன்னிரண்டு வருஷமும் அவருக்காக ஜெபித்துவருகிறார். இதற்கிடையில் தங்கள் அடுக்குமாடிப் பிள்ளைகள் பதினான்கு பேருக்குச் சனிக்கிழமைகளில் சபை மண்டபத்தில் இலவச டியூசன் தொடங்கினார். செயற்குழுவில் இரண்டு பேருக்கு அது பிடிக்கவில்லை. போன மாதம் போய்ப் பார்த்தால் மண்டபத்துக்குப் புதுப் பூட்டு.

அவர் எழுதுகிறார்: "கர்த்தர் எல்லாவற்றையும் ஆளுகிறார் என்றால் இந்த மூன்று பேருடைய பிடிவாதத்தை அவரால் மாற்ற முடியாதா? இல்லை, பார்வோனுக்குச் செய்ததுபோல இவர்கள் இருதயத்தையும் அவரே கடினப்படுத்திவிட்டாரா? அப்படியானால் நான் எதற்கு ஜெபிக்கிறேன்? லிப்ட் கெட்டு மூன்று வாரமாகிறது. நான்காம் மாடிக்கு நடந்துதான் ஏறுகிறேன். ஒவ்வொரு படியிலும் இதையேதான் கேட்டுக்கொண்டு ஏறுகிறேன்."

சகோதரி, பிரிக்பீல்ட்ஸில் முப்பது ஆண்டுக்கு மேலாக வேதபாட வகுப்பு எடுக்கிறேன். இந்தக் கேள்வி வராத வருஷமே கிடையாது. உங்களைப்போல மாடிப்படியில் வைத்துக் கேட்டவர்கள் குறைவு. இஸ்ரவேலரை விடமாட்டேன் என்று நின்ற எகிப்து ராஜா பார்வோனிலிருந்தே தொடங்குகிறேன். அந்த முடிச்சு அவிழாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

யாத்திராகமத்தை வேகமாகப் படித்தால் "கர்த்தர் பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தினார்" என்ற ஒரே வரிதான் மனதில் நிற்கும். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு 7ஆம் அதிகாரத்திலிருந்து 10ஆம் அதிகாரம்வரை நிதானமாகப் படியுங்கள். கர்த்தர் எகிப்தின்மேல் அனுப்பிய வாதைகளில், தவளைகள் வந்து போன பிறகு பார்வோன் தன் இருதயத்தைத் தானே கடினப்படுத்துகிறான். வண்டுகள் வந்து போன பிறகும் அப்படியே. வாதைகள் நடக்கும்போது கர்த்தர் அவன் இருதயத்தைக் கடினப்படுத்தினார் என்ற வார்த்தை முதன்முதலாக வருவது 9ஆம் அதிகாரத்தில், கொப்புளங்கள் வந்த ஆறாம் வாதையில். அதற்கு முன்பு ஐந்து வாதைகள், ஐந்து வாய்ப்புகள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவன் எந்த நேரத்தில் கடினப்படுத்திக்கொண்டான்? தவளைகள் படுக்கையறைவரை வந்து ஏறியபோது அல்ல. அப்போது மோசேயை அழைத்து, கர்த்தரை வேண்டிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினான். "இலகுவுண்டாயிற்று" என்று கண்டபோதுதான் மனம் மாறினான் என்கிறது வேதம். கல்மழை நின்றபோதும் அதே கதை. கஷ்டத்தில் இளகிய மனம் இளைப்பாறுதலில் இறுகுகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பார்வோனைவிட என் முகம்தான் முதலில் தெரியும். ஆஸ்பத்திரி வார்டில் எத்தனை பொருத்தனை பண்ணியிருப்போம்! டிஸ்சார்ஜ் ஆன மறுவாரம் அதில் எத்தனை ஞாபகம் இருக்கிறது?

அதனால் கர்த்தர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லிவிடவும் முடியாது. முதல் வாதைக்கு முன்பே, 4ஆம் அதிகாரத்திலேயே, "நான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன்" என்று மோசேயிடம் சொல்லிவிடுகிறார். அவனும் கடினப்படுத்தினான், அவரும் கடினப்படுத்தினார். வேதம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது, சமாதானம் சொல்லவில்லை. அந்த வேலையை எடுத்துக்கொண்டவர்கள் பெரிய பெரிய ஆட்கள். மனித சித்தம் சுதந்திரமானது என்று எழுதிய அறிஞர் எராஸ்முஸுக்கு 1525இல் லுத்தர் பதில் எழுதினார்: மனிதனுடைய சித்தம் தானாகத் தேவனிடம் திரும்பக்கூடிய நிலையில் இல்லை, அது அடிமைப்பட்டுக் கிடக்கிறது என்றார். இரு நூறு ஆண்டு கழித்து வெஸ்லி வேறு மாதிரிச் சொன்னார்: மனிதன் அசைவதற்கு முன்பே கிருபை அவனிடம் வந்துவிடுகிறது, ஆனால் அதைத் தட்டிவிடவும் அவனால் முடியும் என்றார். இந்த விஷயத்தில் வெஸ்லியும் அவருடைய நண்பர் விட்பீல்டும் பிரிந்தே போனார்கள். ஆனாலும் 1770இல் விட்பீல்ட் இறந்தபோது லண்டனில் அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான். விட்பீல்டின் விருப்பமும் அதுவாகவே இருந்தது. எங்கள் பிரிக்பீல்ட்ஸில் லுத்தரன் ஆலயத்திலிருந்து தமிழ் மெதடிஸ்ட் ஆலயத்துக்கு நடந்தே போய்விடலாம். லுத்தருடைய பிள்ளைகளும் வெஸ்லியுடைய பிள்ளைகளும் ஒரே கடையில் பசியாறுகிறார்கள். எனக்கு அது எப்போதும் ஆறுதலாக இருக்கிறது.

இந்த வழக்கை நான் தீர்த்துவைக்கப் போவதில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு வேண்டிய அளவு இதில் இருக்கிறது. உங்கள் அப்பாவின் மனதைத் தேவன் பூட்டிவிட்டார் என்று முடிவுகட்ட உங்களுக்கு ஆதாரம் கிடையாது. பார்வோனைப் பற்றி அப்படிச் சொல்ல மோசேக்கு நேரடியாக வாக்கு வந்தது. நமக்கு வரவில்லை.

நம்மவர்கள் "ஆளுகை" என்ற சொல்லைக் கேட்டதும் அதைத் "தலையெழுத்து" என்று மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். தோட்டத்து லயத்தில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அது இரத்தத்திலேயே ஊறியது. "நம்ம விதி அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போன பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தோம். சபைக்கு வந்தபிறகு அதே வாக்கியத்தில் "விதி" இருந்த இடத்தில் "தேவ சித்தம்" என்று மாற்றிப் போட்டுக்கொண்டோம். இரண்டும் ஒன்றல்ல. விதியிடம் யாராவது ஏன் என்று கேட்டதுண்டா? அதற்குக் காது கிடையாது. சங்கீதக்காரனோ "எதுவரைக்கும் கர்த்தாவே?" என்று கேட்கிறான். கேட்டதற்காக அவனை யாரும் அதட்டவில்லை. நீங்கள் நான்காம் மாடிவரை கேட்டுக்கொண்டே ஏறினீர்களே, அதுவே ஜெபம்தான். ஆளுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பாதவர் அப்படிக் கேட்கமாட்டார்.

ஆளுகை எப்படி நடக்கிறது என்பதற்கு நீதிமொழிகள் 21:1 ஒரு படம் காட்டுகிறது. ராஜாவின் இருதயம் கர்த்தரின் கையில் நீர்க்கால்களைப்போலிருக்கிறது, தமது சித்தத்தின்படி அதைத் திருப்புகிறார். வயலுக்குத் தண்ணீர் பாய்கிற வாய்க்காலின் படம் அது. எனக்கு வயல் தெரியாது, பால்மரம் என்கிற ரப்பர் மரம் தெரியும். என் அம்மா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் பால் சேருகிற மங்கு துடைக்க நானும் கூடப் போவேன். விடியும்முன், குளிர் இருக்கும்போதே வெட்டவேண்டும். அப்போதுதான் பால் நன்றாக ஓடும். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்குகிற சாய்வான கோடு. பட்டையை ஒரு நூலளவு சீவினால் போதும். வெள்ளையாகத் துளிர்த்து, அந்தக் கோட்டைப் பிடித்தபடி இறங்கி வந்து மங்கில் சொட்டும். யாரும் பாலைப் பிடித்துத் தள்ளுவதில்லை. அவசரக்காரக் கை கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டால் மரத்தில் காயம் பட்டுவிடும். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அப்புறம் வருஷக்கணக்கில் அங்கே கத்தி ஓடாது. "மரத்துக்கு வலிக்காம வெட்டணும்டா, அப்பத்தான் நாளைக்கும் குடுக்கும்" என்பார் அம்மா.

பிடிவாதக்காரரிடம் நாம் செய்வது பெரும்பாலும் ஆழமான வெட்டுத்தான். ஒரே உட்காரலில் முழு மங்கும் நிறைந்துவிட வேண்டும் நமக்கு. கர்த்தரோ கோடு போடுகிறார். போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். நமக்கு அது சும்மா இருப்பதுபோலத் தெரிகிறது.

மண்டபத்துப் பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். எதிர்ப்பு என்றதும் பிரசங்கிமார் நெகேமியாவுக்குப் போவார்கள். 52 நாளில் முடிந்த எருசலேம் அலங்கம் (மதில்), அதை எதிர்த்த சன்பல்லாத், தொபியா. நல்ல கதைதான். ஆனால் உங்களுக்கு அதைவிட எஸ்றா 4ஆம் அதிகாரம்முதல் 6ஆம் அதிகாரம்வரை பொருந்தும் என்று நினைக்கிறேன். அதிகம் பேர் பிரசங்கிக்காத பகுதி. முழுக்கக் கடிதப் போக்குவரத்து, அதனால் சலிப்பு என்று தாண்டிவிடுகிறார்கள்.

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து எருசலேமுக்குத் திரும்பிய யூத ஜனங்கள் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டார்கள். சுற்றியிருந்தவர்கள் பயமுறுத்தினார்கள், அதிகாரிகளுக்குக் கைக்கூலி கொடுத்து வேலையைக் கெடுத்தார்கள். கட்டட வேலை ஏறக்குறைய 16 ஆண்டு நின்றுபோயிற்று. பிறகு, பெர்சியாவின் தரியு ராஜாவின் இரண்டாம் வருஷத்தில், கி.மு. 520இல், ஆகாயும் சகரியாவும் தீர்க்கதரிசனம் சொல்ல வேலை மறுபடி தொடங்கியது. உடனே அந்தப் பகுதியின் அதிபதி தத்னாய் வந்து நின்றான். யார் உங்களுக்கு உத்தரவு கொடுத்தது, ஆட்களின் பெயர் என்ன என்று கேட்டு, ராஜாவுக்கு மனு எழுதினான். அரமனையில் பழைய கோப்புகளைத் தேடினார்கள். தேடத் தேட, மேதிய சீமையில் அக்மேதா பட்டணத்தில் ஒரு சுருள் அகப்பட்டது. அந்த ஆலயத்தைக் கட்டலாம் என்று கோரேஸ் ராஜா போட்ட பழைய கட்டளை. நில அலுவலகத்தில் பழைய கோப்பு ஒன்றைத் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், அது கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று. அதைப் பார்த்துத் தரியு தத்னாயுக்கு என்ன எழுதினான்? வேலையைத் தடுக்காதே, அதோடு, உன் பகுதியில் வசூலாகிற ராஜவரியிலிருந்து இதற்கான செலவையும் நீயே கொடு. தரியுவின் ஆறாம் வருஷத்தில், கி.மு. 515இல் ஆலயம் முடிந்தது.

தத்னாய் மனு எழுதாமல் இருந்திருந்தால் அந்தச் சுருளை யாரும் தேடியிருக்கமாட்டார்கள். ஜனங்கள் தங்கள் கைக்காசில் கட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இந்தக் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை, ஏனென்றால் இன்னும் இரண்டு விஷயம் இதற்குள் இருக்கிறது. ஒன்று, அந்த 16 ஆண்டு. அத்தனையும் எதிரிகளால் மட்டும் போனதா? ஆகாய் தீர்க்கதரிசி அப்படிச் சொல்லவில்லை. இந்த வீடு பாழாய்க் கிடக்கும்போது நீங்கள் மச்சுப்பாவின (பலகை பதித்த) வீடுகளில் குடியிருக்கிறீர்களே என்று சொந்த ஜனத்தைத்தான் கேட்டார். தொடக்கத்தில் எதிர்ப்பு நிறுத்தியது, அப்புறம் மனச்சோர்வு பழகிப்போயிற்று. மறுபடி கல்லை எடுத்தபோது கையில் உத்தரவு இல்லை. உத்தரவு பின்னால்தான் வந்தது. இரண்டாவது, தத்னாய் கொடியவன் அல்ல. பதில் வரும்வரை அவன் வேலையை நிறுத்தவும் இல்லை. தன் பொறுப்பைச் செய்த ஓர் அதிகாரி. உங்கள் செயற்குழுவின் இரண்டு பேரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஏன் பூட்டினீர்கள் என்று அவர்களிடம் நேரில் போய்க் கேட்டீர்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. மின்சாரக் கட்டணமாக இருக்கலாம், பிள்ளைகளில் யாருக்காவது அடிபட்டால் யார் பொறுப்பு என்ற பயமாக இருக்கலாம். வெறும் பொறாமையாகவும் இருக்கலாம். நம்மை நெகேமியா என்று நினைத்துக்கொண்டுவிட்டால், எதிரே நிற்கிறவர் எல்லாம் சன்பல்லாத் ஆகிவிடுகிறார். அது ஆபத்து.

நம் தமிழ் வேதாகமமே இப்படி ஒரு பூட்டுக்குள்ளிருந்து வந்ததுதான். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார். அவரை அனுப்பியது டென்மார்க் ராஜா. தரங்கம்பாடிக் கோட்டையும் டென்மார்க்காருடையதுதான். அப்படியிருந்தும் அவரை ஆரம்பமுதல் வதைத்தவர் அந்தக் கோட்டைத் தளபதி ஹாசியுஸ். அவரும் கிறிஸ்தவர்தான். 1708இல் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பரில் கைது செய்யப்பட்டு நான்கு மாதம் காவலில் கிடந்தார். வெளியே வந்து மறுபடி உட்கார்ந்து 1711இல் முடித்தார். 1715இல் அச்சில் வந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத்வரை போனவர் 1719இல் இறந்தார். வயது 36. மீதியை முடித்தவர் அவருக்குப் பின்வந்த மிஷனரி சூல்ச். மலேசியாவின் தமிழ் லுத்தரன் சபை அந்தத் தரங்கம்பாடிச் சபையின் வழியில் வந்தவர்களின் சபை. ஹாசியுஸ் மனம் மாறினாரா என்று வரலாறு காத்துக்கொண்டிருக்கவில்லை. வேலை நடந்தது. ரூத்தோடு நின்ற இடத்திலிருந்து இன்னொரு கை எடுத்து எழுதியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. "கர்த்தர் ஆளுகிறார், பொறுத்துக்கொள்" என்ற வார்த்தையைச் சிலர் ஆயுதமாக எடுப்பார்கள். அடி வாங்குகிற மனைவியிடமும், சம்பளம் தரப்படாத தொழிலாளியிடமும் அதைச் சொல்லி வாயடைப்பார்கள். அது பாவம். நெகேமியாவின் ஆட்கள் ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். பவுல் ரோமப் பேரரசனான இராயனுக்கு அபயமிட்டு மேல்முறையீடு செய்தார். யோசேப்பு தன் சகோதரரிடம் "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதற்குப் பிறகுதான் "தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்பது வருகிறது. தீமையைத் தீமை என்று சொன்ன வாய்தான் அது. 17 வயதில் விற்கப்பட்டவர், 39 வயதில் அவர்களிடம் தன்னை யாரென்று சொல்கிறார். இருபத்திரண்டு வருஷம்.

இனி நான் சொல்லப்போவது என் வீட்டு விஷயம். பொதுவில் பேசிப் பழக்கமில்லை. உங்கள் கேள்வியைப் படித்தபிறகு அதைச் சொல்லாமல் இருப்பது நேர்மையில்லை என்று பட்டது.

என் அண்ணன் என்னோடு 16 ஆண்டு பேசவில்லை. அப்பா வாங்கிய குறைந்த விலை வீடு என் பெயருக்கு மாறியதுதான் காரணம். நான் ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டதாக அவர் நம்பினார். அப்பா தானாகவே செய்தது அது, என்னிடம் தாள் இருக்கிறது. அண்ணன் பட்டர்வொர்த்தில் இருந்தார். அப்போது கோலாலம்பூர் புடுராயா பஸ் நிலையத்தில் இரவு பஸ் ஏறினால் விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட முடிந்தது. அந்த 16 வருஷத்தில் ஏழு முறை போனேன். ஒவ்வொரு முறையும் காலை நேரம், அவர் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். என்னைப் பார்ப்பார். பைப்பை மூடுவார். ரப்பர் குழாயை அவசரமே இல்லாமல் வட்ட வட்டமாகச் சுருட்டி ஆணியில் மாட்டுவார். உள்ளே போய்க் கிரில் கதவை இழுத்துப் பூட்டுவார். நான் கொண்டுபோன முறுக்குப் பொட்டலத்தைக் கேட்டில் தொங்கவிட்டுவிட்டு நடப்பேன். வழி முழுக்க ஒரே ஜெபம்: ஆண்டவரே, அண்ணனுடைய கல்லான இருதயத்தை எடுத்துப்போடும்.

ஆறாவது முறை கிளம்பும்போது என் மனைவி பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அண்ணனுக்கு முறுக்கு, சரி. இந்தக் காகிதம் யாருக்கு?" என்று கேட்டாள். வீட்டுப் பத்திரத்தின் நகல். ஐந்து முறையும் அதைப் பையில் வைத்து எடுத்துப்போயிருக்கிறேன். கதவு திறந்தால் முதல் காரியமாக எடுத்து நீட்டவேண்டும் என்று. ஸ்தேவான் "வணங்காக் கழுத்துள்ளவர்களே" என்று யூதரின் ஆலோசனைச் சங்கத்தைப் பார்த்துச் சொன்னதை எத்தனை வகுப்பில் விளக்கியிருக்கிறேன்! என் கழுத்து எனக்குத் தெரியவில்லை. அண்ணன் மனம் மாறவேண்டும் என்று நான் ஜெபிக்கவில்லை. அண்ணன் தோற்கவேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

அன்று காகிதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அண்ணன் அப்போதும் குழாயைச் சுருட்டி மாட்டிவிட்டு உள்ளேதான் போனார். ஏழாவது முறையும் அதேதான். ஆனால் அன்று நல்ல மழை. பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது பின்னால் அண்ணன் மகன் குடையோடு ஓடி வந்தான். "சித்தப்பா, வாங்க" என்று நிறுத்தம்வரை பிடித்துக்கொண்டு வந்தான். ஒன்றும் பேசவில்லை. அடுத்த வருஷம் அண்ணன் இறந்துபோனார். கடைசியில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று அண்ணியிடம் கேட்டேன். "இல்ல தம்பி, ஒண்ணும் சொல்லல" என்றார்.

இதை ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று சாட்சி சொல்ல எனக்கு வாய் வராது. கர்த்தர் தோற்றுவிட்டார் என்றும் சொல்லமாட்டேன். அந்த 16 வருஷமும் அவர் யாருடைய மனதில் கோடு போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அண்ணன் மனதில் என்ன செய்தார் என்பது எனக்குக் காட்டப்படவில்லை.

அதனால்தான், அப்பா கட்டாயம் திரும்பிவருவார், விசுவாசமாயிருங்கள் என்று உங்களுக்கு என்னால் எழுத முடியாது. இயேசு எருசலேமைப் பார்த்துச் சொன்னது மத்தேயு 23இல் இருக்கிறது. கோழி குஞ்சுகளைச் சேர்க்கிறதுபோல எத்தனையோ தரம் உன் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மனதாயிருந்தேன், "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று." காற்றையும் கடலையும் அதட்டினவர், ஒரு நகரத்தின் "மாட்டோம்" என்ற பதிலுக்கு முன்னால் அழுதார். அந்த "மாட்டோம்" அவரைச் சிலுவைவரை கொண்டுபோயிற்று. அப்போஸ்தலர் 4இல் சபை ஜெபிக்கும்போது, ஏரோதும் பிலாத்துவும் ஜனங்களும் கூடிச் செய்தது அனைத்தும் உமது கரமும் ஆலோசனையும் முன்குறித்ததே என்கிறார்கள். அவர் அழுததும் உண்மை, முன்குறித்ததும் உண்மை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளத்தான் "ஆளுகை" என்ற சொல்லை நான் பயன்படுத்துகிறேன். மனிதர் மறுத்ததையே கல்லாக எடுத்துத் தம் வீட்டைக் கட்டுகிறவர் அவர். அதனால் ஒரு மனதைத் திருப்புகிற வேலை உங்களுடையதல்ல. அந்தச் சுமையை நீங்கள் நான்காம் மாடிவரை தூக்கிக்கொண்டு ஏறவேண்டியதில்லை.

உங்கள் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லலாமா? "உள்ளே வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ "வெயிலில் நின்றார்" என்பதுதான் கண்ணில் படுகிறது. 70 வயதை நெருங்கியவர், ஆராதனை முடியும்வரை, கேட்டில். வீட்டிலேயே இருந்திருக்கலாம். கல்லறைக்கு நேராகப் போயிருக்கலாம். நின்றாரே! 31 வருஷம் கணக்கெழுதிய மனுஷனிடம் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை விழுந்தது. அந்த வார்த்தையைச் சொன்னவரோ, சபையோ, பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது வந்து "தப்பு" என்று சொன்னார்களா? நீங்கள் அதை எழுதவில்லை. சொல்லவில்லை என்றால், நாம் பிடிவாதம் என்று பெயர் வைத்தது காயமாக இருக்கலாம். காயத்தின்மேல் எந்தக் கத்தியும் ஓடாது. முதலில் உங்கள் போதகரிடம் இதைப் பேசுங்கள். அப்பாவைக் கூட்டிவரச் சொல்லாதீர்கள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர் உங்கள் வீட்டுப் படியேறி வந்து மன்னிப்புக் கேட்க வழிசெய்யச் சொல்லுங்கள். அது சபை அவருக்குச் செலுத்தவேண்டிய கடன்.

செயற்குழுவின் அந்த இரண்டு பேரையும் நேரில் போய்ப் பாருங்கள். மண்டபம் திறந்தால் நல்லது. திறக்கும்வரை வகுப்பை ஏன் நிறுத்தவேண்டும்? பதினான்கு பிள்ளைகளும் உங்கள் அடுக்குமாடிப் பிள்ளைகள்தானே. கீழ்த்தளத்தில் பொது மண்டபமோ, படிக்கட்டுப் பக்கம் நிழலான இடமோ இருக்கும். குடியிருப்பாளர் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அங்கே பாயை விரியுங்கள்.

உங்கள் அப்பா ஆலய வளாகத்துக்குள் கால் வைக்கமாட்டார். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தைப் பற்றி அவர் எந்தச் சத்தியமும் செய்யவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் யார் எடுக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வரும் சனிக்கிழமை காலையில் அவரிடம் சபையைப் பற்றியோ ஜெபத்தைப் பற்றியோ ஒன்றும் பேசவேண்டாம். லிப்ட் இன்னும் சரியாகவில்லை அல்லவா? "அப்பா, இந்த வெள்ளைப் பலகையை நான் ஒருத்தியாகக் கீழே இறக்க முடியாது, ஒரு பக்கம் பிடிக்கிறீர்களா?" என்று மட்டும் கேளுங்கள்.